தூசி புகாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வேல்ராஜ் அதன் மூக்கை அடைத்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தில்தான். பாசம் வைக்கிறவர்களைவிட மூச்சு முட்ட வைக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள் சொல்லுங்கள்.

அவன் வேலை பார்த்தது பக்கத்துக் கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில். அங்கே தூசி என்றால் கொலைக்குற்றம். பானெட்டில் ஒரு பொட்டுத் தூசி உட்கார்ந்துவிட்டால் அந்த வண்டியை மறுபடி தேய்த்து மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். பெயிண்ட் படக்கூடாத இடங்களையெல்லாம் டேப் ஒட்டி மறைக்கிற மாஸ்கிங் வேலை வேல்ராஜுக்கு. சும்மா சொல்லக் கூடாது, அதில் அவன் கில்லாடி. போன வருஷம் அந்த ஷாப்பிலேயே நேர்த்தியாக ஒட்டுகிறவன் என்று மேடையில் கூப்பிட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது பென்னலூரில் அவன் குடியிருந்த ஒற்றை அறையில் சாமி படத்துக்கு ஒரு விரல் மேலே தொங்கியது.

அறை ரோட்டைப் பார்த்து இருந்தது. அந்த ரோடோ நாலு வழிச்சாலை ஆக்குகிறோம் என்று நாலு வருஷமாகத் தோண்டிப் போட்ட ரோடு. ஜல்லி லாரி ஒன்று போனால் சோற்றுத் தட்டில் மண் விழும். அப்படிப்பட்ட இடத்தில் மொய்ப்பணத்தில் வாங்கிய புத்தம்புதுக் கம்ப்யூட்டர் என்றால் வேல்ராஜுக்குக் கை சும்மா இருக்குமா? கம்பெனியில் கழித்துப் போட்ட ஃபில்டர் துணியைக் கேட்டு வாங்கி வந்தான். ஸ்கேல் வைத்து வெட்டினான். பெட்டிக்கு முன்னால் இருந்த ஓட்டை, பின்னால் ஃபேன் காற்றைத் தள்ளுகிற ஓட்டை, பக்கவாட்டுத் துவாரம் எல்லாவற்றிலும் இரண்டு மடிப்புத் துணி வைத்து, ஓரத்தில் டேப் ஒட்டி, நகத்தால் நீவிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது.

“ஏங்க, அதுக்குக் காத்து வேண்டாமா?” என்று அவன் பொண்டாட்டி கனகலட்சுமி கேட்கத்தான் செய்தாள்.

“காத்து போகும் கனகு. தூசி மட்டுந்தான் நிக்கும். எங்க பெயிண்ட் அடிக்கிற பூத்துல இதத்தான் போட்டிருக்கோம்.”

அந்தப் பூத்தில் காற்றை ஊதுவது ஆள் உயர மிஷின், இந்தப் பெட்டிக்குள் இருப்பது உள்ளங்கை அகல ஃபேன் என்று கனகலட்சுமிக்குச் சொல்லத் தோன்றியது. கோவில்பட்டியில் டிடிபி சென்டரில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவள் அவள். ஆனால் மனுஷன் நெற்றி வேர்வையோடு நிமிர்ந்து, “எப்படி இருக்கு?” என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டபோது வாய் வரவில்லை. “அழகா இருக்கு,” என்றாள்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவள் தலையெழுத்தே இருந்தது. வாலாஜாபாத்தில் அச்சகம் வைத்திருந்த எல்லப்பன் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்ஸ் ஒரு கட்டைக் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்திருந்தார். நூற்று ஐம்பது பக்கம். “பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள புக்கு ரெடியாவணும். தப்பில்லாம அடிச்சுக் குட்த்தீன்னா வருசம் பூரா வேலை கீதும்மா,” என்று சொல்லியிருந்தார்.

வேலை அமையாவிட்டால்? அங்கேதான் அவள் மாமியார் உலகம்மாள் வருகிறாள். வாரம் தவறாமல் ஊரிலிருந்து வீட்டுச் சொந்தக்காரி மரகதம் வீட்டு நம்பருக்குப் போன் பண்ணி அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “ரெண்டு பேரு தின்னு தீக்கவா அம்புட்டுத் தூரம் போன? அவள இங்க அனுப்பு. ஆட்டப் பாக்கட்டும், தீப்பெட்டி ஒட்டட்டும். நீ பொங்கலுக்குப் பொங்கல் வந்து போ.” வேல்ராஜ் தைரியசாலி, அம்மாவிடம் தவிர. “கத்திரி முடியட்டும்மா. அவளுக்கு ஒரு வேலை அமையிற மாதிரி இருக்கு. அமைஞ்சா இருக்கட்டும், அமையாட்டி அனுப்புதேன்,” என்று சொல்லிவிட்டு, ஏதோ பெரிய சாமர்த்தியம் பண்ணினவன் போல வந்து அதைக் கனகலட்சுமியிடமும் சொன்னான். அவள் சிரித்து வைத்தாள். அன்று ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை.

திங்கட்கிழமை அவன் முதல் ஷிப்டுக்குப் போன பிறகு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் ஓடியது கம்ப்யூட்டர். அப்புறம் ‘டப்’பென்று தானாக அணைந்தது. அடித்த இரண்டு பக்கம் போன இடம் தெரியவில்லை. பெட்டியைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டி தோற்றது. பின்பக்க டேப்பின் ஒரு ஓரத்தை ஹேர்பின்னால் நெம்பித் துணியை விலக்கினாள். இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. உள்ளே கணக்கெல்லாம் போடுகிற அந்த ப்ராசஸர் என்ற சில்லு பாவம், வெந்துகொண்டிருந்திருக்கிறது. துணிகளை எடுத்துவிட்டு அடித்தாள். பகல் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வந்ததும் அவன் கண் முதலில் பெட்டியின் பின்பக்கம்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அவன் அதில் போட்டிருந்தான். சரி, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று துணிகளைப் பழையபடி வைத்து அழுத்தி ஒட்டினாள்.

நாளைக்கு என்பது என்றைக்கு வந்திருக்கிறது? செவ்வாய்க்கிழமையும் எடுத்தாள், ஒட்டினாள். புதன்கிழமை டேப்பில் பசை போய்விட்டது. அவன் பையிலிருந்தே ஒரு உருளையை எடுத்துப் புது டேப் ஒட்டினாள். வியாழக்கிழமைக்குள் கை பழகிவிட்டது. அவன் ஒட்டியதா அவள் ஒட்டியதா என்று தெரியாத அளவுக்கு அவளும் நேர்த்தியாக ஒட்டக் கற்றுக்கொண்டாள். இனிமேல் சொன்னால் டேப்பைப் பற்றி மட்டும் சொல்ல முடியாது. நாலு நாளாக ஏமாற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொய்யும் டேப்பும் ஒரே மாதிரிதான், ஒட்ட ஒட்டத் தடிமனாகிக்கொண்டே போகும்.

சாயங்காலத்தில்தான் வினை. “நீ அடி, நான் பாக்கேன்,” என்று வேல்ராஜ் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். துணி மூடியிருக்கும். சொல்லி வைத்தாற்போல முக்கால் மணியில் ‘டப்’. அவள் இதை எதிர்பார்த்து இரண்டு வரிக்கு ஒரு தரம் சேமித்துவிடுவாள். அவனுக்குத்தான் முகம் சுண்டிப்போகும். மூன்றாவது தடவை அணைந்ததும், “இத விட்ரக் கூடாது கனகு, முறையா அனலைஸ் பண்ணணும்,” என்றான்.

கம்பெனியில் எந்தப் பழுது வந்தாலும் ஒரு தாளில் ‘ஏன்’ என்று ஐந்து முறை எழுதிக் கேட்டுக்கொண்டே போனால் ஐந்தாவது ஏனில் மூலகாரணம் அகப்படும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு பேச்சிராஜ் வந்தான். திருநெல்வேலிக்காரன், அதே கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தான். கூடவே மராமத்துப் பிரிவில் இருந்த மாசானம் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். மூவரும் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்ததைப் பார்த்தால் யாருக்கோ சீரியஸ் என்று நினைத்துப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

“ஒன்னாவது ஏன். கம்ப்யூட்டர் ஏன் நிக்குது?” என்றான் பேச்சிராஜ்.

மாசானம் மிஷினைப் போட்டவுடன் ஒரு பட்டனை அழுத்தி நீலத் திரையில் சூட்டைப் பார்த்தான். “எழுவத்தெட்டு டிகிரி. ப்ராசஸர் சூடாவுது. கருகிராம இருக்க அதுவே அணைச்சுக்கிடுது.”

“ரெண்டாவது ஏன். ஏன் சூடாவுது?”

“வெயிலுதான். கத்திரில்லா,” என்றான் வேல்ராஜ்.

“வெயில எழுதக் கூடாதுண்ணே. அது நம்ம கையில இல்ல. நம்ம கையில இருக்கதத்தான் எழுதணும்.”

மாசானம் பக்கத்து மூடியைக் கழற்றினான். ஃபேன் சுற்றியது. ப்ராசஸர் மேலே கிரீஸ் ஒழுங்காக இருந்தது. அதற்குமேல் பார்ப்பதற்குள், “மூடுல, மூடுல, தூசி போகுது!” என்று வேல்ராஜ் பதறினான். இரண்டு நிமிஷத்தில் மூடியாயிற்று. பின்பக்கத்துத் துணியைப் பேச்சிராஜ் விரலால் தடவிக்கூடப் பார்த்தான். அந்த நேர்த்தியைப் பார்த்து அது கடையிலிருந்தே அப்படி வந்தது என்று முடிவு பண்ணிக்கொண்டான். “ஃபினிஷிங் நல்லா இருக்குண்ணே,” என்றான். வேல்ராஜுக்கு உச்சி குளிர்ந்தது. அடுப்பங்கரை ஓரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கனகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது ஏனில் வண்டி நின்றுவிட்டது. “டேட்டா பத்தாது,” என்று சொல்லிப் பேச்சிராஜ் ஒரு தாளில் கட்டம் போட்டு ஆணியில் தொங்கவிட்டான். “மதினி, எப்பப் போடுதீய, எப்ப அணையுது, எல்லாத்தையும் எழுதிருங்க. நல்லா ஓடுனா ஓகே, நின்னா என்ஜி, நாட் குட்.”

கனகலட்சுமி எழுதினாள். எழுத்தில் பொய் சொல்ல அவளுக்கு வராது. பகல் எல்லாம் ஓகே, சாயங்காலம் எல்லாம் என்ஜி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாளைப் பார்த்த பேச்சிராஜ் தொண்டையைச் செருமினான். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீய. நீங்க வீட்டுல இல்லாத நேரம் பூரா ஓகே. நீங்க உள்ள நொழஞ்சு முக்கா மணி நேரத்துல என்ஜி. டேட்டா பொய் சொல்லாது.”

“என்னல சொல்லுத?”

“ஒடம்புச் சூடுண்ணே,” என்றான் மாசானம், டாக்டர் போல. “நாள் பூரா அந்த பெயிண்ட் காயவைக்கிற அடுப்புப் பக்கத்துல நிக்கீய. அப்படியே வந்து மிஷின் பக்கத்துல ஒக்காருதீய. சின்ன ரூமு. அது தாங்குமா?”

மோர் கொண்டுவந்த மரகதம் வாசலிலேயே நின்று அதை ஆமோதித்தாள். “அதாம்ப்பா நானும் சொல்லிக்கினே கீறேன். கண்ணு எப்டி செவந்து கீது பாரு. சனிக்கெழம எண்ண தேச்சிக் குளிக்கிறியா நீ? வூட்ல பொம்பள இன்னாத்துக்குக் கீறா?”

வேல்ராஜ் சிரிப்பான் என்றுதான் கனகலட்சுமி நினைத்தாள். அவன் யோசித்தான்! அந்த வாரம் முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம் தின்றான். சனிக்கிழமை துண்டைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். அவளே நல்லெண்ணெயைக் காய்ச்சி அவன் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “நல்லா சூடு எறங்கத் தேய் கனகு, ஒன் வேல கெட்டுறக் கூடாது,” என்றான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, அவள் இன்னும் ஒரு கை எண்ணெயை எடுத்து வைத்தாள். ஐயோ, இந்த மனுஷனிடம் இதை இனி எந்த வாயால் சொல்வது?

அன்று சாயங்காலம் மேகம் போட்டிருந்தது. கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் தாண்டி ஓடியது. “பாத்தியா!” என்று வேல்ராஜ் ஈரத் தலையை ஆட்டினான்.

அதற்கடுத்த திங்கட்கிழமைதான் உண்மையான சோதனை வந்தது. ஆள் பற்றாக்குறை என்று சூப்பர்வைசர் வேல்ராஜை அந்த வாரம் முழுக்க நைட் ஷிப்டில் போட்டுவிட்டார். பகலெல்லாம் அவன் வீட்டில். அதுவும் கம்ப்யூட்டருக்கு மூன்றடி தள்ளிப் பாயில். வெள்ளிக்கிழமை காலை வேலையைக் கொடுத்தாக வேண்டும். முப்பத்து நாலு பக்கம் பாக்கி இருந்தது. துணியை எடுக்க வழியில்லை. முக்கால் மணி அடிப்பதும், அணைந்தால் ஒரு மணி ஆறவிடுவதுமாக நொண்டியடித்தாள். மாவை அரைத்தாள், துணி துவைத்தாள், திரும்பி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். புதன்கிழமை எல்லப்பன் மரகதம் வீட்டுக்குப் போன் போட்டார். “இன்னாம்மா, வெள்ளிக்கெழம காலைல வர்றியா இல்லியா? இல்லன்னா சொல்லிடு, காஞ்சிபுரத்துல ஆளு கீறாங்க.”

வியாழக்கிழமை பகல் ஒரு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. பாக்கி பதினாறு பக்கம். அப்போதுதான் ‘டப்’பென்று அணைந்திருந்தது. தீப்பெட்டி வாசனையும் ஆட்டுப் புழுக்கையும் மாமியார் குரலும் ஒன்றாக அவள் கண் முன்னால் வந்தன. போதும் என்று எழுந்தாள். வேல்ராஜ் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிப் பின்பக்க டேப்பை மெதுவாக, மிக மெதுவாக உரித்தாள். உரித்த டேப்பை வரிசை மாறாமல் பீரோ ஓரத்தில் ஒட்டி வைத்தாள், திரும்ப எடுத்து ஒட்டுவதற்கு. இரண்டாவது துணியை எடுத்துவிட்டு நிமிர்ந்தால், வேல்ராஜ் இந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“எத்தன நாளா?” என்றான்.

“ஒட்டுன மறுநா மொதக்கொண்டு,” என்றாள்.

அவன் பீரோ ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருந்த டேப்புகளைப் பார்த்தான். அவள் கையில் இருந்த துணியைப் பார்த்தான். தன் தலையைத் தடவிக்கொண்டான். எண்ணெய் தேய்த்த ஞாபகம் வந்திருக்க வேண்டும். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று நின்றாள் அவள். அவன் எழுந்து முகம் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

கனகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போகட்டும், கோபித்துக்கொள்ளட்டும், அப்புறம் காலில் விழுந்துகொள்ளலாம். இந்தப் பதினாறு பக்கம் போனால் எல்லாம் போயிற்று. ஐந்து பக்கம் அடித்திருப்பாள். பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம், மரகதம் வீட்டுக் கூடத்தில், வேல்ராஜின் குரல் கேட்டது. போனில் பேசினான். பெயிண்ட் ஷாப்பில் மிஷின் இரைச்சலுக்குள் கத்திக் கத்திப் பழகியவன் அவன், போன் இல்லாமலேயே பாதித் தூரம் கேட்கும்.

“அம்மா, நாந்தான்... கனகு அங்க வரல... வரலன்னா வரலதான்... வேலையா? அது அமைஞ்சா அமையுது, அமையாட்டிப் போகுது.”

கனகலட்சுமியின் விரல் எழுத்துமேல் அப்படியே நின்றது.

“அவ ஒன்னும் சொல்லித் தரலம்மா. அவ எங்கிட்ட எதையுமே சொல்ல மாட்டேங்கா, அதான் எனக்கு வெசனமே. நான் ஒரு கோட்டித்தனம் பண்ணி வச்சேன். இத்தன நாளா எனக்குத் தெரியாம அத எடுத்து எடுத்து ஒட்டியிருக்கா. எம் மனசு நோகக் கூடாதாம். அப்படி ஒருத்திய ஊருக்கு அனுப்பிட்டு நான் இங்க என்னத்தம்மா கண்டேன்?”

ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம் வந்தது. வேல்ராஜ் வாசலில் நின்றான்.

“என்ன சொன்னாக அத்த?” என்றாள் திரும்பாமல்.

“பொண்டாட்டிதாசன்னா.”

“நீங்க என்ன சொன்னீக?”

“லைன் சரியாக் கேக்கலன்னு வச்சிட்டேன்.”

சிரிக்கத்தான் நினைத்தாள். வந்தது என்னவோ கோபம்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “இத ஒரு மாசத்துக்கு முன்னால சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லையா? அமைஞ்சா இருப்பா, அமையாட்டி அனுப்புதேன்னு என்னமோ சாமான அனுப்புத மாதிரி சொன்னீகளே, அன்னையிலருந்து ஒரு ராத்திரி நான் தூங்கியிருப்பேன்னு நெனைக்கீகளா?”

வேல்ராஜ் திகைத்துப்போனான். “எனக்குத் தெரியலியே கனகு. நீ சிரிச்சுக்கிட்டுத்தான இருந்த?”

“ஒங்க டேப்பப் பாத்தும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்!”

பேச்சிராஜின் தாளில் இதற்குக் கட்டம் இல்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றாமல் நின்றவன், “தப்புத்தான்,” என்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “சரி, இனிமே நீ அந்த வேலைக்காக இம்புட்டுக் கெடந்து அடிக்க வேண்டாமில்ல? படுத்துத் தூங்கு,” என்றான்.

“நல்லா இருக்கே கதை! இது வரைக்கும் ஒங்க அம்மாவுக்குப் பயந்து அடிச்சேன். இப்ப எனக்காக அடிக்கப் போறேன்,” என்று சொல்லிவிட்டு அவள் கையெழுத்துப் பிரதியை அவன் கையில் திணித்தாள். “பதினோரு பக்கம் பாக்கி இருக்கு. ஒக்காந்து வாசிங்க. இத எழுதுன மனுசன் கையெழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கு.”

அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தான். பள்ளிக்கூடத்தில் வாசித்த மாதிரியே, முற்றுப்புள்ளிக்கு மூச்சு விட்டு, தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்தான். அவள் அடித்தாள். கம்ப்யூட்டரின் பின்பக்கமிருந்து வெந்நீர் மாதிரி காற்று வெளியே வந்துகொண்டிருந்தது. ஏழாவது பக்கத்தில் அவன் குரல் இழுத்தது. எட்டாவது பக்கத்தின் கடைசி வரியைப் பாதியில் விட்டான். திரும்பிப் பார்த்தாள். நைட் ஷிப்ட் பார்த்த மனுஷன், தாளைப் பிடித்த பிடி விடாமல், சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிப்போயிருந்தான்.

தாளை அவன் விரலிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள். இத்தனை நாளாக அவன் புரண்டால்கூட உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இப்போது மீதி மூன்று பக்கத்தையும் படபடவென்று சத்தமாகவே அடித்தாள். அவன் அசையவில்லை.